குப்பியில் வந்த வெயில்

பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் இரசாயனம் கற்ற மாணவர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கைத்தொலைபேசியிற் பேசியிருக்கலாம், ஆயினும் எழுதினார். எழுதும்பொழுதுதான் மனம் ஒருவழிப்படும் என்று வகுப்பிலே நாம் சொன்னதை நினைவில் வைத்திருந்தாரோ, அன்றி வீட்டில் உரத்துப் பேசவியலாத விடயம் என்று கருதினாரோ, அறியோம்.

அவருக்கு இரண்டாவதாகப் பிறந்த பெண்மகவு தாயின் வயிற்றில் இருபத்தாறு வாரங்களே தங்கியிருந்தது. பிறந்தபொழுது அதன் நிறை 840 கிராம். இரண்டு இறாத்தல் பாணின் நிறைகூட இல்லை. பன்னிரண்டு வாரங்கள் வைத்தியசாலையிலே கண்ணாடிப் பெட்டியினுள்ளும் தாயின் மார்பிலுமாகக் கிடந்து, இரண்டு கிலோவைச் சற்றே கடந்த நிறையுடன் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. வந்த மூன்றாம் நாளே வீட்டில் வழக்குத் தொடங்கிவிட்டது. வழக்கின் பொருள் ஒரு சிறு குப்பி. நாள்தோறும் கொடுக்கும்படி வைத்தியர் எழுதித் தந்த மருந்துகளுள் உயிர்ச்சத்து 'டி' துளிமருந்தும் ஒன்று. அது சூரிய வெளிச்சத்தால் உடம்பில் உண்டாகும் சத்து என்று யாரோ சொல்லக் கேட்ட குழந்தையின் அம்மம்மா, அம்மருந்து வேண்டியதில்லை என்று உறுதியாக நின்றுவிட்டார். மகள் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறாள். தாய் கூடாது என்கிறார். நடுவிலே நம் மாணவர். "சேர், நீங்கள் வந்து ஒரு சொல் சொன்னால் மாமி கேட்பா" என்று கடிதம் முடிந்திருந்தது.

நாம் இரசாயன ஆசிரியரேயன்றி வைத்தியர் அல்லோம். ஆயினும் போனோம். அந்த அம்மையாரின் வாதத்தைக் கேட்டபின், அதனை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதையும் உணர்ந்தோம்.

"தம்பி, நான் அஞ்சு பிள்ளையளைப் பெத்து வளர்த்தனான். காலமை எண்ணெய் பூசி வெயிலிலை கிடத்திறதுதான் எங்கடை மருந்து. ஒருத்தருக்கும் கால் வளையேல்லை. இந்த நெருப்பு வெயில் அடிக்கிற ஊரிலை வெயிலைக் குப்பியிலை காசு குடுத்து வாங்கிறதோ?"

இதிலே பிழை என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. உண்மையில் மேனாட்டு விஞ்ஞானிகள் பெரும்பாடுபட்டுக் கண்டறிந்ததும் இதுவே. எலும்பு மென்மையுற்று வளையும் றிக்கற்ஸ் என்னும் நோயைப் பற்றி கிளிசன் என்னும் ஆங்கில வைத்தியர் 1650இல் ஒரு நூலே எழுதினார். அதன் பின்னும் இருநூற்றெழுபது ஆண்டுகளாக அதன் காரணம் தெளிவாகவில்லை. 1919இல் பெர்லின் நகரத்து ஹுல்ட்சின்ஸ்கி, நோயுற்ற குழந்தைகளை ஊதாக்கடந்த கதிர் வீசும் விளக்கின் முன் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு கையின் மீது மட்டும் கதிர் படச் செய்தபொழுது மற்றைக் கையின் எலும்பும் தேறியது என்பதே அவர் கண்ட புதுமை. தோலிலே உண்டாகும் ஏதோவொன்று இரத்தத்தின் வழி உடம்பெங்கும் செல்கின்றது என்பது அதனால் வெளிப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்திலே மெலன்பி, நாய்க்குட்டிகளுக்கு அந்நோயை உண்டாக்கி, கொட் மீனின் ஈரலெண்ணெயால் அதனைத் தீர்த்துக் காட்டினார். எண்ணெயில் இருந்த சத்துக்கு 1922இல் மக்கொலம் என்னும் அமெரிக்கர் 'டி' என்ற எழுத்தைச் சூட்டினார். வெயிலும் மீனெண்ணெயும் ஒரே வேலையைச் செய்தன என்ற விந்தை அதன் பின்னரே விளங்கிற்று. ஆகவே அம்மையாரின் ஐந்து பிள்ளைகளும் கால் வளையாது வளர்ந்தமையில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஐவரும் பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளைகள். வேறுபாடு முழுவதும் அங்கேதான் இருக்கின்றது.

கருவிலுள்ள சிசுவின் எலும்புக்கு வேண்டிய கல்சியமும் பொசுபரசும் மாதந்தோறும் ஒரே அளவாகச் சேர்வதில்லை. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதங்களிலேயே சேர்கின்றது. அக்காலத்தில் சிசுவின் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு நூறு மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியத்தை நச்சுக்கொடி தாயின் இரத்தத்திலிருந்து இறைத்துக் கொடுக்கின்றது. இறைத்துக் கொடுக்கின்றது என்று வேண்டுமென்றே எழுதினோம். தாயின் இரத்தத்திலுள்ளதைவிடச் சிசுவின் இரத்தத்திற் கல்சியம் மிகுதி. தாழ்விலிருந்து மேட்டுக்கு நீர் இறைக்கும் துலாவின் வேலையை அங்கே நச்சுக்கொடி செய்கின்றது. நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளை முப்பது கிராம் அளவான கல்சியத்துடன் உலகுக்கு வருகின்றது. இருபத்தாறு வாரத்திற் பிறந்த பிள்ளையோ, அந்தப் பண்டசாலை திறக்கப்பட்ட அன்றே கதவடைக்கப்பட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளை.

வெளியே வந்தபின் அதே அளவு சத்தை ஊட்டுவது எளிதன்று. முதல் நாட்களில் குடல் பாலை ஏற்காது. நாளத்தின் வழியே ஊட்ட வேண்டும். கல்சியத்தையும் பொசுபேற்றையும் ஒரே திரவத்திற் போதியளவு கரைக்க முயன்றால் இரண்டும் சேர்ந்து வீழ்படிவாகிவிடும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் காணாதார் யார்? அது வேறு உப்பு. எனினும் நிகழ்வது ஒத்ததே. அத்தகைய துகள் குழந்தையின் நாளத்திற் புகுவது உயிருக்கே ஆபத்து. ஆகையால் எவ்வளவு கலக்கலாம் என்பதற்கு இரசாயனமே ஓர் எல்லை வகுத்துவிடுகின்றது. பின்னர் தாய்ப்பால் கொடுக்கும்பொழுதும், அமுதம் போன்ற அப்பாலே இத்தனை சிறிய உடம்பின் எலும்புக்குப் போதிய கல்சியமும் பொசுபரசும் கொண்டிருப்பதில்லை. அதனாற்றான் வைத்தியசாலைகளில் அதற்குச் செறிவூட்டும் தூளைச் சேர்க்கின்றனர். நுரையீரலில் நீர் கட்டாதிருக்கக் கொடுக்கும் சில மருந்துகள் சிறுநீரோடு கல்சியத்தையும் வெளியேற்றிவிடுகின்றன. கருப்பையின் சுவரில் உதைத்து உதைத்து எலும்பை உரப்படுத்தும் வாய்ப்பும் இப்பிள்ளைக்கு இல்லை.

இவையெல்லாம் சேர்ந்து, பிறந்து ஆறு முதற் பன்னிரண்டு வாரங்களில், முற்பிறப்புக் குழந்தைகளுக்கே உரிய எலும்பு மெலிவாக வெளிப்படலாம். இந்நோய் ஆரவாரமின்றி வருவது. எலும்பின் தாதுப் பொருளில் ஐந்திலொரு பங்குக்கு மேல் குறைந்த பின்னரே கதிர்ப்படத்தில் வெளிறித் தெரியும். அதற்கு முன் இரத்தத்திற் பொசுபரசு குறைவதும், அல்கலைன் பொசுபற்றேசு என்னும் நொதியம் கூடுவதுமே அடையாளங்கள். கவனியாது விட்டால், துணி மாற்றும்பொழுது மெல்லத் தூக்கிய கையிலேயே விலா எலும்பு முறிந்துபோவதும் உண்டு. இதனைச் சொன்னபொழுது அம்மையார் மடியிலிருந்த பேர்த்தியை ஒருமுறை பார்த்தார், பேசவில்லை.

உயிர்ச்சத்து 'டி' இங்கே என்ன செய்கின்றது? அது எலும்புக்குக் கல்லுமன்று, சுண்ணாம்புமன்று. கல்லையும் சுண்ணாம்பையும் உள்ளே எடுத்து வரும் மேசன். தோலில் உண்டானதோ வாயால் உட்கொண்டதோ, முதலில் ஈரலிலும் பின்னர் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்று, குடலுக்குச் சென்று, அங்குள்ள கல்சியத்தை இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளச் செய்கின்றது. கல்லே இல்லாத வளவில் மேசனை மட்டும் அமர்த்திப் பயனில்லை என்பதையும் கருத வேண்டும். துளிமருந்து ஒன்றே எலும்பைக் காத்துவிடும் என எண்ணிச் செறிவூட்டும் தூளைக் கைவிடுவோரும் உளர், அதுவும் தவறே.

கருவிலிருக்கும்பொழுது இச்சத்து தாயினிடமிருந்தே வருகின்றது. தாயிடம் குறைந்தால் பிள்ளையிடமும் குறையும். வெயில் நிறைந்த நாட்டிலே தாயிடம் எங்ஙனம் குறையும் என்று கேட்கலாம். வெயில் நாட்டுக்கு உண்டு. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் இருப்பவளுக்கு இல்லை. புது டில்லியிலே நமது வெயிலுக்குக் குறையாத வெயில் உண்டு. அங்கே 28 முதல் 34 வாரத்திற் பிறந்த 96 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 400 அலகு பெற்றவர்களுள், நாற்பதாவது வாரக் கணக்கை எட்டியபொழுதும், மூவரில் இருவரிடம் இச்சத்துக் குறைந்தேயிருந்தது. 800 அலகு பெற்றவர்களிடையே அது நூற்றுக்கு 38 ஆயிற்று. தாய்ப்பாலிலும் இச்சத்து மிகவும் சொற்பம்; ஒரு லீற்றரில் நூறு அலகும் இல்லை. நம் மாணவரின் மகள் நாளொன்றுக்கு 350 மில்லிலீற்றர் குடித்தாலும் நாற்பது அலகு தேறாது.

"அப்ப வெயிலிலை கிடத்துவம்" என்றார் அம்மையார், விடாது.

கிடத்தலாகாது. காலைப் பொன்வெயிலிலே கண்ணுக்கு இதமும் உடம்புக்குச் சூடும் உண்டு. உயிர்ச்சத்தை உண்டாக்கும் ஊதாக்கடந்த கதிர் அப்பொழுது மிகக் குறைவு. அக்கதிர் மிகுந்திருப்பது உச்சிவேளையில். அந்த வெயிலில் ஆறு மாதத்துக்குட்பட்ட எந்தப் பிள்ளையையும் விடக் கூடாது. தோல் இன்னும் முதிராத இப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதேயில்லை. யன்னற் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலோ, அக்கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

அம்மையார் இன்னுமொரு துருப்பை வைத்திருந்தார். "ஆசுப்பத்திரியிலை ஒரு கிழமையா லைற்றுக்குக் கீழை வைச்சவைதானே? அந்தச் சத்து எங்கை போச்சு?"

செங்கண்மாரி போல மஞ்சள் பூத்த பச்சைக் குழந்தைகளை நீல விளக்கின் கீழ் வைப்பதையே அவர் சொன்னார். இதன் வரலாறு சுவையானது. சற்றே விலகிச் செல்வதை வாசகர் பொறுத்துக்கொள்வாராக. 1956 அளவில் இங்கிலாந்தின் ரொச்போர்ட் வைத்தியசாலையிலே ஜீன் வார்ட் என்னும் தாதியார், குறைமாதப் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் முற்றத்துக்குக் கொண்டுசென்று காற்றும் வெயிலும் வாங்கச் செய்வாராம். அங்ஙனம் கொண்டுசென்ற ஒரு பிள்ளையின் உடம்பில், வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் நீங்கி, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாயிருந்ததை அவர் வைத்தியருக்குக் காட்டினார். 1958இல் அதுவே விளக்குச் சிகிச்சையாக வெளிவந்தது. நம் அம்மையாரைப் போன்ற ஒருவரின் கண்தான் அதனைக் கண்டது என்று சொன்னபொழுது அவர் முகம் மலர்ந்தது. ஆனால் மஞ்சளைக் கரைக்கும் ஒளி நீல ஒளி. உயிர்ச்சத்தை உண்டாக்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாத வேறொன்று. அந்த விளக்கின் கீழ் ஒரு மாதம் கிடந்தாலும் எலும்புக்குப் பயனில்லை.

இவ்வளவும் கேட்டபின் அம்மையார் ஒருவாறு இணங்கினார். "சரி, குடுங்கோ. ஆனா எவ்வளவு? ஒரு டொக்டர் ஒரு கணக்குச் சொல்லுறார், மற்றவர் வேறை கணக்குச் சொல்லுறார்."

இதுதான் கூர்மையான கேள்வி. கற்றவர்களே இதில் ஒருமிக்கவில்லை. அமெரிக்கக் குழந்தை வைத்தியக் கழகம் 2013இல், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 200 முதல் 400 அலகு என்றது. ஐரோப்பியர் 2010இல் 800 முதல் 1000 என்றனர். 2022இல் அதனை மாற்றி, கிலோவொன்றுக்கு 400 முதல் 700, எவ்வாறாயினும் 1000ஐத் தாண்டலாகாது என்றனர். உலக சுகாதார நிறுவனம் 2022இல், வேறு வழியாக இச்சத்துப் பெறாத, தாய்ப்பால் அருந்தும் குறைமாத, குறைநிறைப் பிள்ளைகளுக்கு 400 முதல் 1000 என வகுத்தது. இவற்றுள் எதுவும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதன்று. ஆனால் மிகமிக முந்திப் பிறந்த பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் மிகச் சில.

அவற்றுள் ஒன்றை இங்கே சொல்லத் தகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பேர்மிங்காம் நகரிலே, 23 முதல் 27 வாரத்திற் பிறந்த நூறு பிள்ளைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத் துளியும், ஒரு பிரிவுக்கு 200 அலகும், மற்றதற்கு 800 அலகும் நாள்தோறும் கொடுத்தனர். 2016இல் முடிவு வெளிவந்தது. பிறந்தபொழுதே மூவரில் இருவரிடம் சத்துக் குறைவு. இருபத்தெட்டாம் நாளில் இரத்தத்தை அளந்தபொழுது, மில்லிலீற்றர் ஒன்றில் நடுத்தர அளவு முறையே 22, 39, 84 நானோகிராம். இருபதுக்குக் கீழ்ப்பட்டதே குறைவு என்பது பொதுவழக்கு. 200 அலகே நடுத்தரப் பிள்ளையைக் கரை சேர்த்துவிட்டது. 800 அலகு பெற்றவர்களுள் நாலிலொரு பங்கினர் 99ஐயும் எட்டிவிட்டனர். ஆனால் மூச்சுக்கருவியின் உதவியின்றிப் பிள்ளைகள் இருந்த நாட்களில் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரத்தத்தில் எண் ஏறியது. நுரையீரலுக்கு அதனால் நலம் விளைந்ததாகத் தெரியவில்லை. டில்லி ஆய்விலும் இரட்டிப்பு அளவு பெற்ற பிள்ளைகளின் எலும்பில் மேலதிக உரம் காணப்படவில்லை. குறைவைத் தீர்ப்பது கடமை. கூட்டக் கூட்ட நலமும் கூடும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம் என்று நாம் அழுத்திச் சொன்னமைக்கு இதுவே காரணம்.

மிகையால் வரும் கேடும் கற்பனையன்று. உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில், றிக்கற்ஸ் நோயை ஒழிக்கும் ஆர்வத்தில் பாற்பவுடரிலும் தானியமாவிலும் இச்சத்தைச் சேர்த்து, மீனெண்ணெயும் கொடுத்தார்கள். சில பிள்ளைகள் நாளொன்றுக்கு 4000 அலகு வரையில் உட்கொண்டிருக்கலாம். 1950களின் தொடக்கத்தில், பசியின்றி, வாந்தியெடுத்து, மலம் இறுகி, உடம்பு தேறாத குழந்தைகள் வைத்தியசாலைகளுக்கு வரலாயினர். அவர்களின் இரத்தத்திலே கல்சியம் மிகுந்திருந்தது. 1957இல் அரசாங்கம் அளவைக் குறைத்தது. எல்லாப் பிள்ளைகளும் அங்ஙனம் நோயுறாமைக்குக் காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை; மிகையான சத்தை அழிக்கும் மரபணு சிலரிடம் பழுதுற்றிருக்கின்றது என்பது 2011இல் தெரியவந்தது. எந்தப் பிள்ளைக்கு அப்பழுது உண்டென முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா?

நாம் விடைபெற்று வந்து மூன்று கிழமைகள் கழிந்திருக்கும். ஒரு மாலை மாணவர் தொலைபேசியில் அழைத்தார். இம்முறை கடிதம் எழுதும் பொறுமை அவருக்கு இருக்கவில்லை.

முதற் குப்பி முடிந்ததும் பட்டினத்திலுள்ள ஒரு மருந்துக்கடையில் வேறு குப்பி வாங்கியிருக்கிறார். பழைய மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 400 அலகு. அதற்கெனத் தந்த உறிஞ்சு குழாயிற் கோடு வரை எடுத்து வாயிற் சொட்டுவார்கள். புதியதில் ஒரு துளிக்கே 400 அலகு. பெட்டியிலே அலகென்று எழுதாமல் 10 மைக்கிரோகிராம் என்று அச்சிட்டிருந்தது. இரண்டும் ஒன்றே என்பதை அவர் அறிவார். ஆயினும் 'ஒரு துளியில்' என்ற சிற்றெழுத்தைப் பார்க்கவில்லை. பழைய குழாயைக் கழுவி எடுத்து, வழக்கம்போற் கோடு வரை நிரப்பியும்விட்டார். ஒரு மில்லிலீற்றரில் முப்பது துளியளவு உண்டு. முப்பதை நானூறாற் பெருக்கினால் பன்னீராயிரம்.

தடுத்தவர் அம்மம்மா. அவர் சிற்றெழுத்தை வாசிக்கவில்லை. கண்ணாடி இருந்தாலும் வாசித்திருக்கமாட்டார். குப்பியைக் கையிலெடுத்துப் பார்த்து, "இது கைவிரலளவு குப்பி. இப்பிடி எடுத்தா ஒரு கிழமையிலை முடிஞ்சிடும். ஒரு கிழமைக்கோ இவ்வளவு காசு வாங்கினவன்? டொக்டரைக் கேளுங்கோ" என்றாராம். கேட்டார்கள். குழாயிலிருந்தது கழுவுந் தொட்டியிற் போயிற்று.

இது நம் மாணவரின் அசட்டை என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2010இல், இத்தகைய துளிமருந்துக் குழாய்கள் வேண்டிய அளவைவிட மிகுதியாகக் கொள்ளுவதால் குழந்தைகளுக்கு மிகையாகிவிடலாம் என்று ஓர் எச்சரிக்கையே விடுத்தது. வீட்டில் இம்மருந்து வைத்திருப்போர் இன்றே எழுந்து சென்று மூன்று விடயங்களைப் பார்க்கட்டும்: அளவு துளிக்கா மில்லிலீற்றருக்கா, எழுதியிருப்பது அலகா மைக்கிரோகிராமா, குழாய் அந்தக் குப்பியோடு வந்ததுதானா. பிள்ளை குடிக்கும் பாற்பவுடரிலும் செறிவூட்டும் தூளிலும் ஏற்கெனவே இச்சத்து இருந்தால் அதனையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அவர் எல்லாவற்றையும் கூட்டியே அளவை எழுதுகிறார்.

இப்பொழுது அந்த வீட்டிலே துளி சொட்டும் அதிகாரம் அம்மம்மாவுடையது. காலை ஆறரை மணிக்கு ஒரு துளி. சொட்டியதும் சுவரிலுள்ள நாட்காட்டியில் அத்திகதியின்மேல் ஒரு கோடு. சென்ற வாரம் கிளினிக்கிலே இரத்தம் சோதித்தபொழுது பொசுபரசு தேறியிருந்ததாம், நொதியமும் இறங்கியிருக்கின்றது, பிள்ளை மூன்று கிலோவை நெருங்குகின்றது. நம்மிடம் கேட்கும்படி அவர் ஒரு கேள்வியும் சொல்லியனுப்பியிருந்தார்: பேர்த்தி தவழத் தொடங்கினால் முற்றத்து வேப்பமர நிழலில் விடலாமோ என்று. வைத்தியரைக் கேட்டு விடலாம் என்று மறுமொழி அனுப்பியிருக்கிறோம்.